செங்காந்தள் வளர்ப்பு

சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறுகிறார். அவ்வரிசையில் முதலாவதாக நிற்பது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. தக்காணப் பீடபூமியின் புதர்க்காடுகளிலும் வேலியோரங்களிலும் இக்கொடி தானாகவே வளர்கிறது. ஆகவே ஐதராபாத் நகரத்து வீட்டுத் தோட்டத்திலும் இதனை எளிதில் வளர்க்கலாம்.

காந்தளின் கிழங்கு கலப்பை போல இரு கவராக வளைந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்னும் பெயர் அதனால் வந்தது. ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரே ஒரு முளை உண்டு; நுனி ஒடிந்தால் அக்கவர் முளைப்பதில்லை. எனவே கிழங்கைக் கையாளும்போது மிகுந்த கவனம் வேண்டும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து ஆழமான தொட்டியில் நிரப்பி, இரண்டு அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்கை நிலையில் இட வேண்டும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

ஐதராபாத்தில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. நடுவதற்கு ஏற்ற காலம் அதுவே. இலை நுனிகளே பற்றுக்கம்பிகளாகச் சுருண்டு பிடிப்பைத் தேடும். அருகில் ஒரு குச்சியோ கம்பிவேலியோ இருந்தால் போதும். மழைக்காலத்திலேயே அரும்புகள் விரியும். இதழ்கள் ஆறும் முதலில் பசுமையாகவும் பின்னர் மஞ்சளாகவும் இறுதியில் செந்நிறமாகவும் மாறுவதால், ஒரே கொடியில் மூன்று நிறங்களைக் காணலாம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் பூப்பதால் அங்கு இதற்குக் கார்த்திகைப்பூ என்றும் பெயர்.

மலரின் சூல்தண்டு பக்கவாட்டில் செங்கோணமாக வளைந்து மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். இதனால், விதைக்காகக் காந்தளைப் பயிரிடும் ஒட்டன்சத்திரம், மூலனூர் பகுதி உழவர்கள் மகரந்தத்தைக் கையாலேயே சேர்க்கின்றனர். அவ்விதையிலிருந்து கீல்வாத மருந்தாகிய கோல்ச்சிசின் எடுக்கப்படுகிறது.

அம்மருந்துப் பொருளே கொடிய நஞ்சும் ஆகும். கொடியின் எல்லாப் பகுதிகளிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், அது நிறைந்துள்ளது. சர்க்கரைவள்ளிக் கிழங்கென மயங்கி உண்டு உயிரிழந்தோரும் உண்டு. சிறு குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் இதனை வளர்க்காதிருப்பதே தக்கது. வளர்ப்போர் கையுறை அணிந்தே கிழங்கைத் தொட வேண்டும். காய்கறிப் பாத்திக்கு அருகில் ஒருபோதும் நடலாகாது.

மழைக்காலம் கழிந்தபின் கொடி மஞ்சளித்துக் காய்ந்துவிடும். செடி இறந்துவிட்டதென எண்ணிப் பலர் மேலும் மேலும் நீர் ஊற்றுவர். அதனாலேயே கிழங்கு கெடுகிறது. உண்மையில் கிழங்கு அடுத்த மழைவரை மண்ணுக்குள் உறங்குகிறது. அதுவரை தொட்டியை மழை படாத நிழலில் உலர்வாக வைத்தால் போதும். ‘செங்காந்தள் - நஞ்சு’ என எழுதிய சீட்டு ஒன்றையும் அதில் நட்டு வைத்தல் வேண்டும். வெறும் மண்ணாகத் தோன்றும் தொட்டியில் யாரேனும் கத்தரி நாற்றை ஊன்றிவிடக்கூடும்.