இணைப்பமைப்பு மாற்றம் (ஒலித்தொகுப்பு)

இணைப்பமைப்பு மாற்றம் என்பது, கூறுநிலை ஒலித்தொகுப்பு மென்பொருள் ஒன்றில் உருவாக்கப்பட்ட இணைப்பமைப்பை வேறொரு மென்பொருளில் அதே ஒலியைத் தருமாறு மீண்டும் அமைக்கும் பணியாகும். கூறுநிலை ஒலித்தொகுப்பில் ஒலியை ஒரே கருவி முழுமையாக உண்டாக்குவதில்லை. அலையியற்றி, வடிகட்டி, பெருக்கி, கலப்பி போன்ற சிறு கூறுகளை வடங்களால் இணைத்தே ஒலி பெறப்படுகிறது. எந்தக் கூறின் வெளியீடு எதன் உள்ளீட்டுக்குச் செல்கிறது, ஒவ்வொரு குமிழும் எந்த அளவில் நிற்கிறது ஆகிய விவரங்களின் தொகுதியே இணைப்பமைப்பு எனப்படும். இசைஞர்கள் இதனைப் பேட்ச் என்றே அழைப்பர்.

ஒரு மென்பொருளின் திரையில் காணும் வடங்களை மற்றொன்றில் அப்படியே வரைந்துவிட்டால் பணி முடிந்துவிடும் என்று தோன்றலாம். நடைமுறையில் படம் ஒன்றாகவே இருந்தாலும் ஒலி வேறுபடுகிறது. அலகு, காலம், செயல் வரிசை ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனச் சில விதிகளைக் கொண்டுள்ளது. இவ்விதிகள் படத்தில் தெரிவதில்லை. எனவே மாற்றுபவர் வடங்களைவிட இவ்விதிகளையே முதலில் அறிய வேண்டியுள்ளது.

பின்னணி

கணினியால் ஒலியை உண்டாக்கும் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று, 1957 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய மியூசிக் என்னும் நிரலாகும். சிறு கூறுகளை இணைத்து ஒலி அமைக்கும் முறை அந்நிரலின் பிந்தைய வடிவங்களில் இடம்பெற்றது. 1960களில் ராபர்ட் மூக், டான் புக்லா ஆகியோர் தனித்தனியே மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் கருவிகளை உருவாக்கினர். ஆகவே இத்துறைக்கு இரண்டு மரபுகள் உள்ளன: ஒன்று நிரலிலிருந்து பிறந்தது, மற்றது மின்சுற்றிலிருந்து பிறந்தது.

இன்று புழங்கும் மென்பொருள்களிலும் இவ்விரு மரபுகளின் தடம் உண்டு. பாரி வெர்க்கோ 1986 இல் வெளியிட்ட சிசவுண்டு, மில்லர் பக்கெட் உருவாக்கிய மேக்ஸ், அவரே 1996 இல் தொடங்கிய ப்யூர் டேட்டா, அதே ஆண்டில் ஜேம்சு மெக்கார்ட்னி வெளியிட்ட சூப்பர்கொலைடர் ஆகியவை நிரல் மரபைச் சார்ந்தவை. 2017 இல் ஆண்ட்ரூ பெல்ட் வெளியிட்ட வி.சி.வி. ராக் மின்சுற்று மரபைத் திரையில் போலச் செய்கிறது. அதில் வோல்ட்டு என்னும் அலகு கூட அப்படியே பயன்படுத்தப்படுகிறது.

மாற்றத்தின் தேவை

ஓர் ஓவியத்தைப் போல் இணைப்பமைப்பைச் சுவரில் மாட்டிப் பாதுகாக்க இயலாது. அதை இயக்கும் பொறி மறைந்தால் அதுவும் மறையும். இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் பிலிப் மனூரியின் படைப்புகள். புல்லாங்குழலுக்கான ஜூப்பிட்டர் (1987), பியானோவுக்கான ப்ளூட்டன் (1988) ஆகிய இரண்டும் பாரிசு நகரின் இர்க்காம் ஆய்வு நிறுவனத்தில் 4எக்ஸ் என்னும் சிறப்புக் கணினிக்காக உருவாக்கப்பட்டவை. மேக்ஸ் மென்பொருளின் தொடக்க வடிவத்தைப் பக்கெட் எழுதியதும் இத்தகைய பணிகளின் போதுதான். 4எக்ஸ் வழக்கொழிந்த பின் இர்க்காமின் இசைப்பணிகள் நெக்ஸ்ட் கணினியில் பொருத்தப்பட்ட வேறொரு பொறிக்கு மாறின. நெக்ஸ்ட் நிறுவனமும் 1993 இல் கணினி உற்பத்தியை நிறுத்திவிட்டது. பின்னர் பக்கெட் இவற்றை ப்யூர் டேட்டாவில் மீண்டும் அமைத்தார்.

நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பியானோ இசையை இன்றும் தாளைப் பார்த்து வாசிக்கலாம். இவ்விரு படைப்புகளோ ஒரு தலைமுறைக்குள்ளேயே மறுபடியும் மறுபடியும் இடம் மாற வேண்டியிருந்தது. மாற்றம் தவறாக நிகழ்ந்தால் இசைஞர் மேடையில் வாசிப்பது ஒன்றாகவும் கணினி தருவது வேறாகவும் இருக்கும்.

அலகு வேறுபாடு

வி.சி.வி. ராக்கில் சுருதி வோல்ட்டில் குறிக்கப்படுகிறது. 0 வோல்ட்டு என்பது பியானோவின் நடு சி சுரம், அதாவது 261.63 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு வோல்ட்டு கூடும்போதும் அதிர்வெண் இரட்டிக்கும், அதாவது ஒரு ஸ்தாயி உயரும். ப்யூர் டேட்டாவின் அலையியற்றி நேரடியாக ஹெர்ட்ஸ் அளவைக் கேட்கிறது. மிடி முறையில் அதே சுரத்தின் எண் 60. இவற்றுக்கிடையேயான தொடர்பு எளியது:

அதிர்வெண் = 261.63 × 2^வோல்ட்டு

மிடி எண் = 60 + 12 × வோல்ட்டு

எடுத்துக்காட்டாக, 0.75 வோல்ட்டு என்பது 440 ஹெர்ட்ஸ், மிடி எண் 69. பழைய வன்பொருள்களிலிருந்து மாற்றுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புக்லாவின் 200 வரிசைக் கருவிகளில் ஒரு ஸ்தாயிக்கு 1.2 வோல்ட்டு, அதாவது ஓர் அரைச்சுரத்துக்கு 0.1 வோல்ட்டு. 1978 இல் வெளிவந்த கோர்க் எம்.எஸ். 20 கருவியில் மின்னழுத்தம் அதிர்வெண்ணுக்கே நேர்விகிதத்தில் இருக்கும்.

ஒலிக் குறிகையின் வீச்சும் இவ்வாறே மாறுபடுகிறது. ராக்கில் வழக்கமான வீச்சு −5 முதல் +5 வோல்ட்டு வரை; மற்றவற்றில் −1 முதல் +1 வரை. இறுதியில் 0.2 ஆல் பெருக்கினால் போதும் என்று நினைப்பது பொதுவான பிழை. நேர்கோட்டு முறையில் இயங்கும் கூறுகளுக்கு அது சரியே. ஆனால் வீச்சு மிகும்போது ஒலியைத் திரிக்கும் வடிகட்டி நடுவில் இருந்தால், பெருக்கல் அதற்கு முன் நிகழ்கிறதா பின் நிகழ்கிறதா என்பதைப் பொறுத்து ஒலிநிறமே மாறிவிடும்.

வடிகட்டியின் குமிழ்களைப் பொறுத்தவரை பொது விதி ஏதுமில்லை. ஒத்ததிர்வைச் சில மென்பொருள்கள் 0 முதல் 1 வரையான எண்ணாலும், சில கியூ என்னும் தரக்காரணியாலும் குறிக்கின்றன. சூப்பர்கொலைடரின் வடிகட்டிகள் பல, தரக்காரணியின் தலைகீழ் மதிப்பைக் கேட்கின்றன. அங்கு எண் குறையக் குறைய ஒத்ததிர்வு கூடும். இதை அறியாமல் எண்ணைப் படியெடுத்தால், கூர்மையாக ஒலிக்க வேண்டிய வடிகட்டி மந்தமாக ஒலிக்கும். மேலும் மூக் வகை வடிகட்டி ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் ஒலியைக் குறைக்கும். அதன் இடத்தில் 12 டெசிபல் வடிகட்டியை வைத்துவிட்டு எவ்வளவு குமிழ் திருகினாலும் பழைய ஒலி கிடைக்காது.

அதிர்வெண் பண்பேற்றம்

அலகு வேறுபாடு மிகவும் ஏமாற்றும் இடம் இதுவாகும். ஓர் அலையியற்றியின் சுருதியை மற்றோர் அலையியற்றியால் வேகமாக அசைப்பதே அதிர்வெண் பண்பேற்றம். மின்சுற்று மரபில் இந்த அசைவு வழக்கமாக வோல்ட்டு அளவில் சேர்க்கப்படுகிறது; அதாவது படிக்குறிக்குள் செல்கிறது. நிரல் மரபில், இசைக்கு இம்முறையைக் கொண்டுவந்த ஜான் சவுனிங்கின் வழியில், அசைவு ஹெர்ட்ஸ் அளவில் கூட்டப்படுகிறது.

நடு சி சுரத்தில் 1 வோல்ட்டு வீச்சுள்ள சைன் அலையால் பண்பேற்றுவதாகக் கொள்வோம். அதிர்வெண் மேலே 523.25 வரை செல்லும், கீழே 130.81 வரை மட்டுமே இறங்கும். ஏற்றம் 261.63 ஹெர்ட்ஸ், இறக்கமோ அதில் பாதி. எனவே சராசரி அதிர்வெண் ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்ந்து 294 ஹெர்ட்ஸை அடைகிறது. இது நடு சி சுரத்துக்கு இரண்டு அரைச்சுரம் மேலே உள்ள டி சுரமாகும். ஹெர்ட்ஸ் அளவில் கூட்டும்போது இவ்வுயர்வு நிகழ்வதில்லை.

இதன் விளைவு வியப்பானது. ராக்கில் இணைப்பமைப்பை உருவாக்கியவர் அவ்வுயர்வைக் காதால் கேட்டு, அலையியற்றியின் சுருதிக் குமிழைச் சற்றுக் கீழே இறக்கி வைத்திருப்பார். அந்தக் குமிழின் அளவை அப்படியே ப்யூர் டேட்டாவுக்குக் கொண்டுசென்று, பண்பேற்றத்தை ஹெர்ட்ஸில் கூட்டினால், தேவையற்ற திருத்தம் மட்டும் எஞ்சி, சுருதி தாழ்ந்து ஒலிக்கும். அசைவை முதலில் வோல்ட்டு மதிப்புடன் கூட்டி, அதன் பின்னரே ஹெர்ட்ஸாக மாற்றுவதே சரியான முறை. கூட்டலையும் படிக்குறியையும் இடம் மாற்றினால் விடை மாறும் என்னும் பள்ளிக் கணக்குதான் இது. வடங்களைப் பார்க்கும்போது அது கணக்கு என்பதே மறந்துவிடுகிறது.

பின்னூட்டமும் காலமும்

மின்சுற்றில் ஒரு கூறின் வெளியீட்டை அதன் உள்ளீட்டுக்கே திருப்பினால் குறிகை உடனடியாகத் திரும்புகிறது. கணினியில் இது இயலாது; ஏதோ ஓரிடத்தில் தாமதம் வேண்டும். அத்தாமதம் எவ்வளவு என்பதில் மென்பொருள்கள் பெரிதும் வேறுபடுகின்றன.

ராக்கில் ஒவ்வொரு வடமும் ஒரு மாதிரி அளவு தாமதத்தைக் கொண்டது. நொடிக்கு 44,100 மாதிரிகள் எனில் இது ஏறத்தாழ 0.023 மில்லிநொடி. ப்யூர் டேட்டாவும் சூப்பர்கொலைடரும் இயல்பாக 64 மாதிரிகளை ஒரு தொகுதியாகக் கணிக்கின்றன. ப்யூர் டேட்டாவில் தாமதமின்றிப் பின்னூட்ட வளையம் வரைந்தால், அது பிழையை அறிவித்து அப்பகுதியைக் கணிக்க மறுத்துவிடும். தாமதக் கூறு வழியாகத் திருப்பினால், குறைந்தது ஒரு தொகுதி, அதாவது 1.45 மில்லிநொடி, கழிந்த பின்னரே குறிகை திரும்பும்.

எதிரொலிக்கு இது பொருட்டல்ல. மீட்டிய தந்தியின் ஒலியைத் தரும் கார்ப்பிளசு–சுட்ராங் முறைக்கோ இது உயிர்நிலை. இம்முறையில் ஒரு சிறு இரைச்சல் தாமத வளையத்துக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் காலமே சுருதியைத் தீர்மானிக்கிறது. சுற்று 64 மாதிரிகளுக்குக் குறைய முடியாது எனில், கிடைக்கும் மிக உயர்ந்த சுருதி 44,100 ÷ 64, அதாவது 689 ஹெர்ட்ஸ். நடு சிக்கு அடுத்த ஸ்தாயியின் ஈ சுரம் (659 ஹெர்ட்ஸ்) வரை தந்தி ஒழுங்காக ஒலிக்கும். அடுத்த எஃப் சுரமும் (698 ஹெர்ட்ஸ்) அதற்கு மேலுள்ள எல்லாச் சுரங்களும் ஒரே சுருதியில் சிக்கிக்கொள்ளும். கீழ்ச் சுரங்களில் மட்டும் சோதித்தவருக்கு இக்குறை தெரியவே தெரியாது.

இதற்குத் தீர்வு உண்டு. ப்யூர் டேட்டாவில் அவ்வளையத்தைத் தனி உட்பகுதியாக்கி, அதற்கு மட்டும் தொகுதி அளவை 1 ஆக வைக்கலாம். கணினியின் வேலை கூடும். சிறு வளையத்துக்கு அது தாங்கக்கூடியதே. மேக்ஸில் 2011 இல் வந்த ஜென் என்னும் பகுதியும், சிசவுண்டில் கட்டுப்பாட்டுத் தொகுதியின் அளவை 1 ஆக்குவதும் இதே பயனைத் தரும்.

எதிர்த்திசையில், நிரல் மரபிலிருந்து ராக்குக்கு மாற்றும்போது வேறு சிக்கல் எழுகிறது. 440 ஹெர்ட்ஸ் தந்திக்குச் சுற்று 100.2 மாதிரிகள் இருக்க வேண்டும். கலப்பி, தாமதம், வடிகட்டி ஆகிய மூன்று கூறுகளை வளையமாக இணைக்க மூன்று வடங்கள் தேவை. எனவே சுற்று 103.2 மாதிரிகளாக நீண்டு, சுருதி 427 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. இது அரைச்சுரத்தில் பாதி. தாமதக் கூறின் அளவிலிருந்து மூன்று மாதிரிகளைக் கழித்துவிட வேண்டும். மேல் சுரங்களில் சுற்று சிறிதாவதால் பிழை இன்னும் பெரிதாகக் கேட்கும்.

செயல் வரிசையும் எண் வகையும்

மேக்ஸும் ப்யூர் டேட்டாவும் ஒரே ஆசிரியரின் சிந்தனையில் உதித்தவை, தோற்றத்திலும் உடன்பிறப்புகள். எனினும் ஒரு வெளியீட்டிலிருந்து பல வடங்கள் கிளைக்கும்போது எது முதலில் செயல்படும் என்பதில் இவை பிரிகின்றன. மேக்ஸில் திரையில் வலப்புறம் உள்ள பெட்டி முதலில் செயல்படும். பெட்டியை நகர்த்தினாலே செயல் மாறக்கூடும். ப்யூர் டேட்டாவில் வடங்கள் எந்த வரிசையில் வரையப்பட்டனவோ அந்த வரிசையே செல்லும். அவ்வரிசை திரையில் தெரியாது. இரு மென்பொருள்களிலும் உள்ள டிரிக்கர் என்னும் கூறு வரிசையை வெளிப்படையாக்குகிறது. மாற்றுவதற்கு முன்பே, மூல மென்பொருளில் இத்தகைய கிளைகள் எல்லாவற்றிலும் டிரிக்கரைச் சேர்த்துவிடுவது நல்லது.

எண் வகையும் கவனிக்கத்தக்கது. மேக்ஸில் 7ஐ 2 ஆல் வகுக்கும் பெட்டியில் 2 என்று எழுதினால் விடை 3; தசமப் புள்ளியுடன் எழுதினால் 3.5. ப்யூர் டேட்டாவில் எப்போதும் 3.5தான். முழு எண் வகுத்தலை நம்பித் தாளம் எண்ணும் மேக்ஸ் இணைப்பமைப்புகள் ப்யூர் டேட்டாவில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நடைமுறை

மேக்ஸின் கூறுகளை ப்யூர் டேட்டாவில் போலச் செய்யும் சைக்ளோன் என்னும் கட்டற்ற நூலகம் உள்ளது. பிரான்சின் லியோன் நகரிலுள்ள கிராம் நிறுவனம் 2002 இல் தொடங்கிய ஃபாஸ்ட் மொழியில் ஒருமுறை எழுதினால், அதை மேக்ஸ், ப்யூர் டேட்டா, சூப்பர்கொலைடர் முதலியவற்றுக்கான கூறுகளாகத் தொகுக்கலாம். புதிய பணிக்கு இது நல்ல வழி. ஏற்கெனவே உள்ள இணைப்பமைப்புக்கு இது நேரடியாக உதவாது.

கையால் மாற்றுவோர் முழு இணைப்பமைப்பையும் ஒரேயடியாக வரைவதில்லை. ஒரே அலையியற்றியில் தொடங்கி, ஒவ்வொரு கூறையும் சேர்த்தவுடன் இரு மென்பொருள்களின் ஒலியையும் பதிந்து ஒப்பிடுகின்றனர். ஒரு பதிவை மற்றொன்றிலிருந்து கழித்தால் அமைதி எஞ்ச வேண்டும் என்பது கடுமையான சோதனை. ஆனால் சூப்பர்கொலைடரின் அலையியற்றி சைன் நிலையிலும் ப்யூர் டேட்டாவினது கொசைன் நிலையிலும் தொடங்குவதால், காதுக்கு ஒன்றாகவே கேட்கும் இரு ஒலிகள் கூட இச்சோதனையில் தோற்கும். அப்போது நிறமாலைகளை ஒப்பிடுவதே பொருத்தமானது. இரைச்சல், தற்செயல் எண் ஆகியவை உள்ள பகுதிகளில் அதுவும் துல்லியமாகப் பொருந்தாது. அங்கு மூலப் பதிவைக் கேட்டு ஒப்பிட வேண்டியுள்ளது.

எனவே மூல மென்பொருள் இயங்கும் நிலையில் இருக்கும்போதே, இணைப்பமைப்புக் கோப்புடன் மாதிரி வேகம், தொகுதி அளவு, ஒவ்வொரு குமிழின் அலகு ஆகிய குறிப்புகளையும், ஒவ்வொரு கூறின் வெளியீட்டினது சில நொடிப் பதிவையும் சேர்த்து வைப்பது வழக்கம்.