வீட்டிற் சேமித்த நெல்லைப் பூச்சிகளினின்றும் காத்தல்

அறுவடை முடிந்ததும் கமக்காரர் உணவுக்கும் அடுத்த போகத்தின் விதைக்குமென நெல்லை வீட்டிற் கட்டிவைப்பர். வயலிலே பயிரைக் கண்ணுங் கருத்துமாகக் காத்தவரிற் பலர், நெல் வீடு வந்து சேர்ந்தபின் காவலைத் தளர்த்திவிடுகின்றனர். சாக்கினுள்ளே நிகழும் அழிவு வெளியே தெரியவரும்போது, விதைநெல்லின் முளை உண்ணப்பட்டு உமி மாத்திரமே எஞ்சியிருத்தல் கூடும்.

பூச்சிகளை அறிதல்

அந்துப்பூச்சி: வைக்கோல் நிறமுடைய சிறு பூச்சி. கதிர் வயலில் முற்றும்போதே நெல்லின்மீது முட்டையிட வல்லது. இதன் புழு நெல்லினுள்ளே வளர்ந்து, பூச்சியானபின் வட்டமான துளைவழியே வெளிவரும். பறக்கும் பூச்சி நெல்லை உண்பதில்லை. அது தோன்றுமுன்னரே கேடு நிகழ்ந்துவிடுகின்றது.

நெல் துளைக்கும் வண்டு: ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் நீளமுடையது, உருளை வடிவானது, தலை கீழ்நோக்கி மறைந்திருக்கும். வண்டும் புழுவும் நெல்லை உண்ணும். சாக்கினடியில் மாப்போன்ற தூள் காணப்படும்.

அரிசி வண்டு: நீண்ட மூக்கினால் இதனை இலகுவில் அறியலாம். அரிசியையும் உமி வெடித்த நெல்லையுமே பெரிதும் தாக்கும்.

பயற்று வண்டு: பயறு, கௌபி ஆகியவற்றின்மேல் வெண்புள்ளிகள் போல முட்டைகளை ஒட்டிவைக்கும்.

காயவைத்தலே முதற் காவல்

ஈரமுள்ள தானியத்திற் பூச்சிகள் விரைவாகப் பெருகும். நன்கு உலர்ந்த தானியத்தில் அவற்றின் பெருக்கம் குறையும். ஆகவே நெல்லிலுள்ள ஈரம் நூற்றுக்கு 13 பங்கிற்கு மேற்படாதவாறு காயவைத்தல் வேண்டும். படங்கிலோ பாயிலோ மெல்லியதாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடுக. விதைநெல்லைச் சூடேறிய தார் வீதியிற் காயவிடின் முளைதிறன் கெடும்.

ஈரத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி நெல்லும் சிறிது உலர்ந்த உப்பும் இட்டுக் குலுக்குக. சிறிது நேரத்தின்பின் உப்பு போத்தலின் உட்புறத்தில் ஒட்டியிருப்பின், ஈரம் நூற்றுக்கு 15 பங்கிற்கு மேலுண்டு. உப்பு ஒட்டாத பின்னரும் மேலும் ஒரு நாட் காயவிடுதல் நன்று. சூடு ஆறியபின்பே நெல்லைச் சாக்கிற் கட்டுதல் வேண்டும்.

சேமித்தல்

பழைய சாக்குகளைக் கொதிநீரில் அமிழ்த்திக் காயவிடுக. மூலைகளிற் கிடக்கும் பழந் தானியத்தைக் கூட்டி எரித்துவிடுக. சாக்குகளைச் சுவரினின்றும் விலக்கி, மரக்குற்றிகளின்மேல் அடுக்குக. நன்கு உலர்ந்த நெல்லைக் காற்றுப் புகாத பாத்திரத்தில் நிறைத்து மூடின், உள்ளேயுள்ள பூச்சிகள் மூச்சின்றி மடியும். பயறு, கௌபி ஆகியவற்றின் ஒரு கிலோகிராமுக்கு 5 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய் சேர்த்துக் கலந்து வைக்கலாம். வேப்பிலை இடுவோர் காய்ந்த இலையையே இடுதல் வேண்டும். பச்சையிலையின் ஈரம் நெல்லைச் சேரும்.

இரு வாரங்களுக்கொருமுறை சாக்கினுட் கையை நுழைத்துப் பார்க்க. சூடு, தூள், துளை ஆகியவற்றுள் ஏதேனும் காணப்படின், அச்சாக்கை வேறாக்கி, நெல்லைக் காயவிட்டுப் புடைத்து, முதலில் உணவுக்கு எடுத்துக்கொள்க.

நஞ்சு வேண்டாம்

வயலுக்குத் தெளிக்கும் கிருமிநாசினியை உணவு நெல்லிற் சேர்த்தல் ஒருபோதும் ஆகாது. குற்றியபின் நஞ்சு நீங்கிவிடும் என்றெண்ணுதல் தவறு. அலுமினியம் பொஸ்பைட்டுக் குளிகை காற்றிலுள்ள ஈரத்துடன் கூடிப் பொஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளிவிடும். அதற்கு மாற்று மருந்தில்லை. மக்கள் உறங்கும் வீட்டில் அதனை வைத்தல் உயிருக்கே கேடாகும்.

விதைநெல்லைச் சோதித்தல்

விதைப்புக்கு இரு வாரங்களுக்கு முன்னர் 100 நெல்மணிகளை எண்ணி, ஈரத்துணியிற் சுற்றி வைக்க. ஒரு வாரத்தில் 85 மணிகளுக்குக் குறைவாக முளைப்பின் அவ்விதையை நம்புதல் கூடாது. வேறு விதை தேடிக்கொள்ள அப்பொழுதும் அவகாசம் உண்டு; வயலில் வித்திட்டபின் அவகாசம் இல்லை.