கொதிகலன்கள் திடீரென வெடிப்பதில்லை

நீராவிப் புகையிரத இயந்திரங்கள் அன்றாடச் சேவையிலிருந்து பெரும்பாலும் விடைபெற்றுவிட்டன. எனினும், பல நாடுகளில் அவை சுற்றுலாப் பயணங்களுக்காக இன்றும் இயக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் கம்பீரத்தை வியந்து நிற்பவர்கள், அவற்றினுள் அடங்கியிருக்கும் ஆபத்தை எண்ணிப் பார்ப்பது அரிது.

வளிமண்டல அமுக்கத்தில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. கொதிகலனினுள் அமுக்கம் பன்மடங்கு அதிகமாக இருப்பதால், 200 பாகையை அண்மித்த வெப்பத்திலும் நீர் திரவமாகவே இருக்கும். கொதிகலன் பிளந்து அமுக்கம் குறையும்போது அந்நீரின் ஒரு பகுதி கணப்பொழுதில் நீராவியாகிவிடுகிறது. ஒரு லீற்றர் நீர் சுமார் 1,600 லீற்றர் நீராவியாக விரிவடையக் கூடியது என்பதை நோக்குமிடத்து அழிவின் பரிமாணம் விளங்கும்.

இவ்வியந்திரங்களில் மிகவும் ஆபத்தான இடம் தீயறையின் கூரைத் தகடாகும். அதன் கீழே நெருப்பு, மேலே நீர். அந்த நீரே தகட்டைக் குளிர்வித்துக் காக்கிறது. நீர்மட்டம் தாழ்ந்து தகடு வெளிப்பட்டால், உருக்கு சூடேறி வலுவிழந்து, நீராவியின் அமுக்கத்தால் கீழ்நோக்கிப் பிய்ந்துவிடும். பாதுகாப்பு வால்வு சரியாக இயங்கினாலும் இதனைத் தடுக்க முடியாது. ஏனெனில் இங்கு அமுக்கம் மிகவில்லை, தகடே தளர்ந்துவிட்டது.

பாதுகாப்பு வால்வுக்கும் மனிதர்கள் எப்போதும் மதிப்பளித்ததில்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஓடிய 'பெஸ்ட் ஃபிரெண்ட் ஒஃப் சாள்ஸ்டன்' என்ற இயந்திரம் 1831 ஜூன் 17 ஆம் திகதி வெடித்தது. நீராவி வெளியேறும் ஓசையைப் பொறுக்காத தீயிடுநர் வால்வை அழுத்தி மூடியதே காரணமெனக் கூறப்படுகிறது. அவர் உயிரிழந்தார்.

நூற்றாண்டுகள் கடந்தும் அலட்சியம் மறையவில்லை. 1995 ஜூன் 16 ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் காட்னர்ஸ் அருகே, கெட்டிஸ்பேர்க் புகையிரதப் பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற 1278 ஆம் இலக்க இயந்திரத்தின் கூரைத் தகடு சிதைந்தது. இயந்திர அறையில் இருந்த மூவர் தீக்காயமடைந்தனர். நீர்மட்டம் தாழ்ந்தமையே உடனடிக் காரணம். கொதிகலனும் அதன் உபகரணங்களும் உரிய தரத்தில் பராமரிக்கப்படாமையையும் ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி அளிக்கப்படாமையையும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை சுட்டிக்காட்டியது. நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்க்கான வழியை உப்புப் படிவுகள் அடைத்திருந்தன. இல்லாத நீரை இருப்பதாகக் காட்டும் கருவி, கருவியே இல்லாமையிலும் கொடியது என்பது எமது கருத்தாகும்.

எனினும் உயிரிழப்பு நேராமைக்கு ஒரு காரணமுண்டு. தகட்டைத் தாங்கிய ஆணிகள் ஒரே வலிமையுடையனவாக அமைக்கப்படவில்லை. வலிமை குறைந்தவை முதலில் விடுபட்டு நீராவி படிப்படியாக வெளியேறியமையால், கொதிகலன் முழுமையாகச் சிதறவில்லை. 1948 இல் அதனை உருவாக்கியவர்களின் முன்யோசனை அரை நூற்றாண்டின் பின் மனித உயிர்களைக் காத்தது.

அமெரிக்கா 1911 இலேயே புகையிரதக் கொதிகலன் பரிசோதனைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. 1995 விபத்தின் பின்னர், 1999 இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. ஓடும் நாட்களில் அன்றாடப் பரிசோதனையும், 1,472 சேவை நாட்கள் அல்லது 15 ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள் கொதிகலனின் முழுமையான பரிசோதனையும் கட்டாயமாக்கப்பட்டன.

பெரும் விபத்துகள் பெரும்பாலும் சிறு கடமைகள் கைவிடப்பட்ட இடத்திலேயே தோன்றுகின்றன. குழாயைச் சுத்தம் செய்தல், படிவை அகற்றுதல், பழைய தொழிலாளரின் அனுபவத்தைப் புதியவருக்குக் கற்பித்தல் ஆகிய பணிகளுக்குப் பாராட்டு கிடைப்பதில்லை. செலவைக் குறைக்க விரும்புவோர் முதலில் கைவைப்பதும் இவற்றின் மீதே. நீராவி இயந்திரமாயினும், ஆலைகளில் இன்றும் இயங்கும் கொதிகலனாயினும் இந்த உண்மை மாறாது. விபத்தின் பின் விசாரணைக் குழு அமைப்பதிலும் பார்க்க, விபத்துக்கு முன் ஒரு கண்ணாடிக் குழாயைத் துடைப்பது இலகுவானது என்பதைப் பொறுப்பானவர்கள் உணர வேண்டும்.