உருகும் பனிப்பாளமும் உயரும் கடலும்

வட துருவத்தை அடுத்த கிரீன்லாந்து என்னும் பெருந்தீவில் ஏறத்தாழ 17 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பனிக்கட்டி படிந்து கிடக்கிறது. சில இடங்களில் அதன் கனம் 3 கிலோமீட்டருக்கும் மேலாகும். அத்துணைத் தொலைவிலுள்ள பனியைப் பற்றிப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிய வேண்டுவது என்ன என்று சிலர் வினவலாம். நிலத்தின் மீதுள்ள அப்பனி உருகினால் அந்நீர் கடலையே சேரும். கடல் உயர்ந்தால் கரையோரக் கிராமங்களின் வயலும் கிணறும் உவர்ப்படையும். ஆதலின், அது உருகும் முறையை நாம் தெளிவாக உணர்தல் வேண்டும்.

பனிக்கட்டி எளிதில் உருகுவதன்று. ஒரு கிலோ பனிக்கட்டியை நீராக்கத் தேவைப்படும் வெப்பமானது, ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றப் போதுமானதாகும். அன்றியும், புதிதாகப் பெய்த வெண்பனி தன்மீது விழும் சூரிய ஒளியில் 100-க்கு 80 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது.

காற்றின் வெப்பம் மிகும்போது இந்நிலை மாறுகிறது. மேற்பனி ஈரமுற்று நிறம் மங்குகிறது. அது உருகி அகன்றபின் அடியிலுள்ள பழைய பனிக்கட்டி வெளிப்படுகிறது. தூசியும் நுண்பாசியும் அதனை மேலும் கருக்கச் செய்கின்றன. வெண்துணியைவிடக் கருந்துணி வெயிலில் மிகுதியாகச் சூடேறுவதை நாம் அறிவோம். அதுபோலவே, கருத்த பனியும் வெயிலை மிகுதியாக ஏற்று மேலும் விரைந்து உருகுகிறது. அந்நீர் ஏரிகளாகத் தேங்கியும், ஆறுகளாக ஓடியும், வெடிப்புகளின் வழியே அடிப்பாறை வரை இறங்கியும் கடலை அடைகிறது.

2012 ஜூலையில் இப்பனிப்பாளத்தின் மேற்பரப்பில் 100-க்கு 97 பங்கு உருகத் தொடங்கிற்று. 2021 ஆகஸ்டு 14ஆம் நாள், ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியில் மழை பெய்தது. அங்கு மழை பெய்ததாக அதற்கு முன் பதிவு இல்லை.

கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும். எனினும், கடல்நீர் சூடேறி விரிவதாலும் நிலத்துப் பனி உருகுவதாலும், 1901 முதல் 2018 வரையில் அம்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது.

இங்கு ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. பெரும் பனிப்பாளம் தன் ஈர்ப்பினால் அருகிலுள்ள கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்துள்ளது. பனி குறையக் குறைய அவ்வீர்ப்பும் குறைந்து, அந்நீர் தொலைவிலுள்ள கடல்களுக்குப் பரவும். ஆகவே, கிரீன்லாந்து தொலைவில் உள்ளது என்பது நமக்குப் பாதுகாப்பாகாது. கடலோரப் பஞ்சாயத்துகள் வடிகால்களையும் மதகுகளையும் செப்பனிட்டு, நிலத்தடி நீரை அளவோடு இறைத்து, அலையாத்திக் காடுகளைப் பேணி வருதல் இன்றே மேற்கொள்ள வேண்டிய கடமையாகும்.