உங்களுக்குத் தெரியுமா? 36 ஆண்டு காக்கவைத்த பாட்டு

அயர்ன் மெய்டன் ராக் இசைக்குழுவின் ரசிகர்கள் இருவர் சேர்ந்தால், கச்சேரியில் எந்தெந்தப் பாட்டு, எந்த வரிசையில் என்று ஆளுக்கொரு கனவுப் பட்டியல் போடுவார்கள். அதில் அடிக்கடி இடம்பிடித்தது ‘அலெக்ஸாண்டர் தி கிரேட்’. 1986-இல் வந்த ‘சம்வேர் இன் டைம்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, எட்டரை நிமிடம். ஆனால் பல ஆண்டுகள் மேடை ஏறவே இல்லை. 2023 மே 28 அன்று, ஸ்லோவேனியாவின் லுப்லியானா நகரில்தான் முதன்முதலாக வாசித்தார்கள்!

பட்டியல் போடுவது சுலபம், நேரக் கணக்குதான் உதைக்கும். பேஸ் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் 1975-இல் லண்டனில் தொடங்கிய இந்தக் குழுவுக்கு 17 ஸ்டுடியோ ஆல்பங்கள். கச்சேரியோ சுமார் இரண்டு மணி நேரம். 13 நிமிடத்தைத் தாண்டும் ‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்’ ஒன்றைச் சேர்த்தாலே, வேறு இரண்டு மூன்று பாட்டுக்கு வேட்டு.

ரசிகர் ஆசைப்படி குழு ஆடும் என்றும் இல்லை. 2006-இல், அப்போதுதான் வெளியான ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ ஆல்பத்தை முழுசாக வாசித்தார்கள். பழைய ஹிட்டுகளை எதிர்பார்த்து டிக்கெட் வாங்கியவர்கள் பாவம்தான். ஆனாலும் அந்தத் துணிச்சலுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

பட்டியலில் இல்லாத பாட்டும் ஒன்று உண்டு. ஒலிபெருக்கியில் யுஎஃப்ஓ குழுவின் ‘டாக்டர் டாக்டர்’ கேட்டால், மெய்டன் மேடைக்கு வரப்போகிறது என்று அர்த்தம்.