பிளஸ் ஒன் எங்கே போச்சு?

"ஸ்கூல் நாள்ல எதை நினைச்சு இப்போ வருத்தப்படுறீங்க?"ன்னு போன எபிசோட்ல கேட்டிருந்தேன். சொல்லாத காதல், பாதியில விட்ட பாட்டு கிளாஸ் இப்படித்தான் வரும்னு நினைச்சேன். வந்த வாய்ஸ் மெசேஜ்கள்ல நிறைய பேர் சொன்னது வேற: "பிளஸ் ஒன்ல ஒழுங்கா படிச்சிருக்கலாம்."

இன்னைக்கு அதை மட்டும் பேசுவோம். ஏன்னா இந்த வருத்தத்துல உங்க பங்கு நீங்க நினைக்கிற அளவுக்கு இல்லை.

நான் பிளஸ் டூ முடிச்சது 2011-ல். தனியார் பள்ளி, பேர் வேண்டாம். ஜூன்ல பதினொண்ணு சேர்ந்தோம். ஆயுத பூஜை லீவு முடிஞ்சு போனா, கையில பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம்! அப்புறம் ஒன்றரை வருஷம் அதே புத்தகம்தான். டெஸ்ட், ரிவிஷன், மறுபடி டெஸ்ட். வீட்டுலயும் யாரும் கேட்கலை. நல்ல ஸ்கூல்னாலே அப்படித்தான்னு ஒரு நம்பிக்கை.

ஏன் அப்படிப் பண்ணினாங்க? 2007-ல் தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு நின்னுபோச்சு. அதுக்கப்புறம் எல்லாமே கட்-ஆஃப்தான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. அத்தனையும் பிளஸ் டூ மார்க்கிலிருந்து. பிளஸ் ஒன்னுக்கு அப்போ பொதுத்தேர்வும் கிடையாது. ரிசல்ட் அன்னைக்கு வாசல்ல கட்டுற பேனருக்கு உதவாத ஒரு வருஷத்தை எதுக்கு நடத்தணும்? ஸ்கூல் பக்கத்துலேர்ந்து பார்த்தா இது புத்திசாலித்தனம்தான்.

விலை கொடுத்தது பசங்க. விசையும் நியூட்டன் விதிகளும் பிளஸ் ஒன் இயற்பியல்ல இருக்கு. வகையிடல்னா என்ன, அது எங்கேர்ந்து வருதுங்கிறது பிளஸ் ஒன் கணக்குல இருக்கு. அதை எங்கே பயன்படுத்தணும்ங்கிறதுதான் பிளஸ் டூ. என் நண்பன் ஒருத்தன் கணக்குல 200-க்கு 198. காலேஜ் முதல் வருஷம் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்ல அரியர். அடுத்த செமஸ்டர்லயும் அதே பேப்பர் அரியர். "எனக்கு மண்டை அவ்வளவுதான்டா"ன்னு அவனே முடிவு பண்ணிட்டான். இப்பவும் அப்படித்தான் சொல்றான். மண்டையில என்ன குறை? கீழ்த்தளம் கட்டாம மாடியில குடிவெச்சாங்க.

அரசு இதைக் கவனிக்காம இல்லை. 2018 மார்ச்ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அடுத்த கல்வியாண்டுல பாடப் புத்தகமே மாறுச்சு. ஆனா மேல்படிப்புக்கு பிளஸ் டூ மார்க் மட்டும் போதும்னும் சொல்லிட்டாங்க. 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோட அந்தப் பொதுத்தேர்வும் போச்சு. பதினாறு வயசுப் பிள்ளைக்கு வருஷா வருஷம் பொதுத்தேர்வு பாரம்தான், மறுக்கலை. ஆனா பழைய குறுக்குவழிக்கு வாசல் திறந்துடுச்சேன்னு எனக்குப் பயமா இருக்கு. நீட்டுக்குப் போற பசங்க தப்பிச்சுக்குவாங்க. அங்கே பதினொண்ணு, பன்னிரண்டு ரெண்டு வருஷப் பாடமும் உண்டு. மத்தவங்க?

அதனால பெற்றோர்களே, இந்த வருஷம் உங்க வீட்டுல பிளஸ் ஒன் இருந்தா, மார்க் கேட்கிறதுக்கு முன்னாடி நோட்டை வாங்கிப் பாருங்க. தீபாவளி நேரத்துல அதுல பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் இருந்தா, ஸ்கூலுக்கு நேரா போய்க் கேளுங்க.

பிளஸ் டூ எழுதி முடிச்சு இன்ஜினியரிங் போகப்போறவங்களுக்கு ஒண்ணு. பரீட்சை முடிஞ்சு காலேஜ் திறக்க சில மாசம் கையில இருக்கும். பிளஸ் ஒன் இயற்பியல் முதல் தொகுதியில ரெண்டாவது பாடத்துலேர்ந்து அஞ்சாவது வரைக்கும், கணக்குல ரெண்டாவது தொகுதியில வெக்டார், எல்லை, வகையிடல், தொகையிடல். இவ்வளவுதான். புத்தகம் நெட்டுல இலவசமாவே கிடைக்குது. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் உட்காருங்க, எடுத்துக்காட்டுக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. இந்தத் தடவை டெஸ்ட் வைக்க யாரும் வரமாட்டாங்க, நிதானமா படிக்கலாம்.