ஆறுதல் சொல்லாமல் இருக்கப் பழகுகிறார்கள்

கேரளத்தில் மலப்புறம், கோழிக்கோடு பக்கம், இனிக் குணமாகாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளியைப் பார்க்கச் செவிலியர் வரும்போது, கூடவே ஊர்க்காரர் ஒருவரும் வருவார். ஆசிரியராக இருக்கலாம், ஆட்டோ ஓட்டுபவராக இருக்கலாம், கல்லூரி மாணவியாகவும் இருக்கலாம். சம்பளம் கிடையாது. ஆனால் பயிற்சி உண்டு. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிகிறவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும், நோயாளிகளிடம் நேரில் பழகும் 4 நாள் களப்பயிற்சியும் தருகிறார்கள். முடித்தவர்கள் தொண்டர்களாக 10, 15 பேர் சேர்ந்து தங்கள் ஊரைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு தொடங்கிய வலி தணிப்பு முயற்சிதான் இதற்கு வேர். வலியை அடக்க மார்ஃபின் இருந்தது. நோய் முற்றியவர்களுக்கு அதைத் தேடிப் பேருந்தேறி வரத் தெம்பில்லை. மருத்துவம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் மருத்துவர்கள் மட்டும் போதாது. அதனால் 2000-ஐ ஒட்டி மலப்புறத்தில் அக்கம்பக்கத்தாரையே பயிற்றும் வழி பிறந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

உடலைப் பராமரிக்கும் பாடம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, உலர்ந்த வாயை ஈரத்துணியால் துடைப்பது எல்லாம் கைப்பழக்கம். மருந்தின் அளவில் மட்டும் கைவைக்கக் கூடாது.

பேச்சுதான் கடினம். ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போய், "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்று சொல்லி, தெரிந்த வைத்தியர் ஒருவரின் பெயரையும் கொடுத்துவிட்டு வருவது நமக்கு ஊறிப்போன வழக்கம். அதில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் நோயாளி பேச நினைத்ததையெல்லாம் அடைத்துவிடுகிறது. "நான் பிழைப்பேனா தம்பி?" என்று அவர் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. முடிவைப் போட்டு உடைப்பதும் தொண்டரின் வேலையல்ல. "உங்களுக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மகளின் கல்யாணம், அடைபடாத கடன், பேச்சுவார்த்தை அற்றுப்போன தம்பி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். 1967-இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளுக்கான செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாவற்றிலும் பரவிய இந்த வேதனையைத்தான் 'முழு வலி' என்றார். மார்ஃபின் அதில் ஒரு பகுதியைத்தான் தொடும்.

சில வீடுகளில் வாசலிலேயே மகன் மடக்குவார்: "அம்மாகிட்ட எதையும் சொல்லிடாதீங்க." உள்ளே அம்மாவோ, "பிள்ளைங்க தாங்காதுங்க, எனக்குத் தெரியும்னு காட்டிக்காதீங்க" என்பார். இருவரும் ஒருவருக்காக ஒருவர் தனித்தனியே அழுகிறார்கள். மகனைக் கண்டிக்காமல், அவருக்கு எது பயமாக இருக்கிறது என்று கேட்கத் தொண்டர் பழகுகிறார். பெரும்பாலும் அதற்கே சில வாரங்கள் பிடிக்கும்.

அந்த வீட்டில் சரியாகத் தூங்காத இன்னொருவர் இருப்பார். அநேகமாக மனைவி, அல்லது மருமகள். ஒரு மணி நேரம் நோயாளியின் அருகில் உட்கார்ந்து, "நீங்க போய்க் குளிச்சிட்டுக் கொஞ்சம் படுங்க" என்று அவரை அனுப்புவதைவிடப் பெரிய உதவி இல்லை என்றே நான் நினைக்கிறேன். சாவுக்குப் பின்னும், காரியம் முடிந்து உறவினர் கலைந்த நாட்களில் தொண்டர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இத்தனையும் பார்ப்பவருக்கும் மனம் கனக்கும். அதை இறக்கிவைக்கக் குழுக் கூட்டம் தவறாமல் நடக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. ஆனால் செவிலியர் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அந்தக் குடும்பத்தோடு யார் இருப்பது? அதற்கு அந்தத் தெருவிலேயே பயின்றவர்கள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் விடுமுறை நாளில் ஒரு வகுப்பறை, அனுபவமுள்ள ஒரு செவிலியர், வாரம் இரண்டு மணி நேரம் தரக்கூடிய பதினைந்து பேர் கிடைத்தால் எந்த ஊரிலும் தொடங்கலாம்.